ஹார்ட் டிஸ்க்கில் கூத்து ஆடாது

"கூத்து அழிஞ்சுக்கிட்டிருக்கு, அதுக்குள்ள எல்லாத்தையும் டிஜிட்டலைஸ் பண்ணிடணும்." நாட்டார் கலை பற்றி எந்தக் கருத்தரங்கு நடந்தாலும் இந்த வாக்கியம் டீ பிரேக்குக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை வந்துவிடுகிறது. கேட்க அக்கறை மாதிரிதான் இருக்கும். எனக்கோ சாவு விழுவதற்கு முன்பே பந்தல் போடுகிற வேலையாகப் படுகிறது. ஆடுகிறவர் உயிரோடு இருக்கிறார். நாம் அவருடைய நினைவிடத்துக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பதிவு செய்வதற்கு நான் எதிரி இல்லை. டச்சு ஆய்வாளர் அர்னால்ட் பாக்கே 1938இல் தென்னிந்தியாவில் இசையையும் ஆட்டத்தையும் பதிவு செய்தார். 46 வருடம் கழித்து, 1984இல், நசீர் ஜைராஸ்பாயும் ஏமி காட்லினும் அவர் போன தடத்திலேயே திரும்பிப் போனார்கள். அன்று பாடியவர்களையும் அவர்கள் வாரிசுகளையும் தேடினார்கள், என்ன மிஞ்சியிருக்கிறது, என்ன மாறியிருக்கிறது என்று பார்த்தார்கள். ஒரு பதிவுக்கு உயிர் வருவது அது புறப்பட்ட ஊருக்குத் திரும்பும்போதுதான். நம்முடைய டிஜிட்டல் திட்டங்களில் எத்தனை அப்படித் திரும்பிப் போகின்றன?

கூத்தையே எடுத்துக்கொள்வோம். செய்யாறு, காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா என்றால் நாள்கணக்கில் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. அர்ச்சுனன் தபசுக்கு வேஷக்காரர் உயரமான மரத்தில் ஏறுவார். துகிலுரிதல் வரும்போது கூட்டம் நாடகம் பார்ப்பது போல் உட்கார்ந்திருக்காது, கற்பூரம் ஏற்றும். கடைசியில் படுகளம், மண்ணால் செய்த துரியோதனன் தரையில் நீண்டு கிடப்பான். அப்புறம் தீமிதி.

இதில் கேமராவுக்குள் எது வரும்? உடுப்பு வரும், கிரீடம் வரும், அடவு வரும். கூட்டம் தூங்கி வழிவதைப் பார்த்துவிட்டு வாத்தியார் ஒரு பாட்டைச் சட்டென்று சுருக்குகிறாரே, அந்தக் கணக்கு வராது. கட்டியக்காரன் அந்த ஊர் ரோட்டுப் பிரச்சினையை மகாபாரதத்துக்குள் இழுத்துவிட்டுச் சிரிக்க வைக்கிறானே, அது வந்தாலும் அடுத்த ஊர்க்காரனுக்குப் புரியாது. இதெல்லாம் பின்பாட்டில் நின்று ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்த பையனுக்கு மட்டும் ஏறுகிற சரக்கு. அவன் பிழைப்புக்காகக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டால் 4கே வீடியோ அந்த இடத்தை நிரப்பாது.

ஆளை விட்டுவிட்டுக் கலையை மட்டும் காப்பாற்றுவது நமக்குப் புதுசும் இல்லை. சதிர் பரதநாட்டியம் ஆன கதை அதுதான். 1947 தேவதாசி ஒழிப்புச் சட்டம் வேண்டும் என்று போராடியவர்களுக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்தச் சமூகத்திலிருந்தே வந்து போராடியவர். ஆனால் அதே காலத்தில் நடனம் வேறு வீடுகளுக்குக் குடிபோனது, தேசத்தின் அடையாளமானது, வெளிநாட்டு மேடைகளுக்குப் போனது. அதைத் தலைமுறைகளாக உடம்பில் சுமந்த குடும்பங்களில் பாலசரஸ்வதி போல மேடையில் நிலைத்தவர்கள் மிகச் சிலர். நடனம் பிழைத்தது. ஆடியவர்கள் அடிக்குறிப்பானார்கள். இப்போது அதே காரியத்தைக் கோப்புகளை வைத்துச் செய்யக் கிளம்பியிருக்கிறோம்.

சந்தேகம் இருந்தால் ஏதாவது ஒரு நாட்டார் கலை வீடியோவைத் திறந்து பாருங்கள். ஒளிப்பதிவாளர் பெயர் இருக்கும், எடிட்டர் பெயர் இருக்கும், நிதி கொடுத்தவர் லோகோ இருக்கும். ஆடியவர்? "கிராமியக் கலைக்குழு." சபா கச்சேரி என்றால் கடம் வாசித்தவர் பெயர்கூட விட்டுப்போகாது. கூத்துக்காரருக்கும் பறையடிப்பவருக்கும் மட்டும் ஊர் பேர் போதும் என்று யார் முடிவு செய்தது? பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துக் கலைஞர் உரிமை 1994இலேயே வந்துவிட்டது. அதன் காலம் 50 ஆண்டு. 2012 திருத்தம், இன்னார் நிகழ்த்தியது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையும் கலைஞருக்குக் கொடுத்தது. நாட்டார் கலைஞருக்கு அது பொருந்தாது என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. பெயர் போடாமல் விடுவதை மறதி என்று சொல்லாதீர்கள். அது பழக்கம், அதற்குச் சாதி வாடை உண்டு.

"யூடியூப் பார்த்துத்தானே இன்னைக்குப் பசங்க பறை கத்துக்கறாங்க" என்று கேட்பீர்கள். கத்துக்கட்டும், நல்லதுதான். ஆனால் பறை நகரத்துக் கல்லூரிகளுக்கும் புலம்பெயர்ந்த தமிழர் மேடைகளுக்கும் போனது வீடியோவால் மட்டும் இல்லை. இழிவு என்று சொல்லப்பட்ட கருவியை விடுதலையின் குரலாக மாற்றிய மனிதர்கள் இருந்தார்கள், தெருவில் நின்று சேர்ந்து அடித்தார்கள். வீடியோ அவர்கள் பின்னால் வந்தது. வழி போட்டவர்கள் அவர்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ட்ரோனுக்கு வாடகை, எடிட்டருக்குச் சம்பளம், ஆடியவருக்குச் சால்வை என்ற பட்ஜெட்டை முதலில் கிழித்துப் போடுங்கள். கேமரா ஆன் ஆவதற்கு முன்பே ஊதியம், பெயர், பயன்பாடு மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். பதிவின் ஒரு பிரதி ஆடியவர் கையில், அவர் போனில் ஓடுகிற வடிவத்தில் போய்ச் சேரட்டும். பதிவுக்கு ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இன்னொரு ரூபாய், பின்பாட்டில் நிற்கும் அந்தப் பையனுக்குப் போகட்டும். இதற்கெல்லாம் காசில்லை என்று சொல்லும் நிறுவனம் கேமராவையும் எடுத்துக்கொண்டு வர வேண்டாம்.

இதைப் படிக்கிற உங்களிடமும் ஒன்று. அடுத்த முறை முப்பது நொடிக் கூத்து ரீல் ஒன்றைப் பகிரப் போகும்போது, ஆடுகிறவர் பெயர் என்ன என்று கீழே கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி கேளுங்கள். அவருக்குப் பெயர் இருக்கிறது, போன் நம்பர் இருக்கிறது, வருகிற கோடைக்கு ஆட்டத் தேதிகளும் இருக்கின்றன. ஒரு ராத்திரி பஸ் ஏறிப் போய் உட்காருங்கள்.