பின்னால் அறை இழுக்குமுன்...



பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் லயத்து வீடு போதாது. கூட்டு எடுத்த காசில் பின்னால் நாலு தகரம் போட்டு ஓர் அறை இழுக்கிறோம். பகல் இரண்டு மணிக்கு அதில் ஆள் இருக்க முடிகிறதா? இரண்டு காற்றாடி ஓடியும் வேர்வை நிற்பதில்லை. கரண்டு பில்தான் ஏறுகிறது. காசும் போச்சு, தூக்கமும் போச்சு!

குறை எங்கே? பழைய சன்னலை அடைத்து அறையை ஒட்டுகிறோம். உள்வீட்டுக்கும் காற்று இல்லை, பட்டப்பகலில் விளக்கு. சன்னலை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள். எதிரெதிரே திறப்பு வையுங்கள். சூட்டுக் காற்று மேலே ஏறும். சுவர் உச்சியில் அது வெளியேற வழி வேண்டும். தகரத்துக்கு வெள்ளைச் சாயம் அடித்தால் வெயிலைத் திருப்பிவிடும். அடியில் அலுமினியத் தாள், அதற்கும் கீழே சீலிங் பலகை. மேற்குச் சுவருக்குத் தாழ்வாரம். இவை இல்லாமல் பரணில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள். சூடு முதலில் இறங்குவது அங்கேதான்.

இன்னொன்று. லயத்து வீடு நிர்வாகத்தின் சொத்து. அதைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது 1990-ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம். எனவே அறை இழுக்க எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஓட்டைக் கூரையை மாற்றும்போதே சீலிங்கும் போட்டுத் தரும்படி கமிட்டி மூலம் மனுக் கொடுப்போம். ஒரு வீடு கேட்டால் காதில் விழாது. லயமே கேட்டால் விழும்!