வண்டி கிளம்பும் முன் ரசீது எங்கே? வீடு மாறும் தஞ்சைக்காரர்கள் உஷார்!

தஞ்சாவூர்:

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் தஞ்சையில் டிரான்ஸ்பர் சீசன் தொடங்கிவிடும். பேங்க் கிளார்க், வாத்தியார், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா என்று ஆளாளுக்கு மூட்டை கட்டுவார்கள். ஆடி பிறந்துவிட்டால் வீடு மாறக்கூடாது. அதனால் ஆனிக் கடைசியில் வண்டி கிடைப்பதே குதிரைக் கொம்பு. கிடைத்தாலும் வாடகையைக் கேட்டால் தலை சுற்றும்.

தஞ்சை ஜில்லாவுக்கு இது புதிது அல்ல. 1991-ல் நாகை பிரிந்தது. 1997-ல் திருவாரூர் தனி மாவட்டம் ஆனது. 2020-ல் மயிலாடுதுறை. ஒவ்வொரு தடவையும் ஆபீஸ் பைல்களோடு சேர்ந்து குமாஸ்தா குடும்பங்களும் இடம் மாறின.

முன்பெல்லாம் தெருக்கோடி லாரி ஷெட்டில் சொன்னால் போதும். பாத்திரங்களை வைக்கோல் சுற்றிச் சாக்கில் கட்டி ஏற்றிவிடுவார்கள். அண்டா நசுங்கினால் வண்டிக்காரர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து நியாயம் கேட்கலாம்.

இப்போது செல்போனில் தேடினால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கின்றன. முகம் தெரியாது. திண்ணையும் கிடையாது.

பாதி வழியில் கைவரிசை

பல நகரங்களில் போலீஸ் புகாராகப் பதிவான கதை ஒன்றுதான். நாலு கம்பெனியிடம் ரேட் கேட்பார்கள். மூன்று பேர் 25 ஆயிரத்தை ஒட்டிச் சொல்வார்கள். நாலாவது ஆள் 12 ஆயிரம் என்பார். குடும்பஸ்தர் எங்கே போவார்? நாலாவது ஆளிடம்தான்.

அட்வான்ஸ் ஒரு தனி ஆள் கணக்குக்குப் போகும். சாமான் ஏறும். வண்டி விழுப்புரம் தாண்டியதும் போன் வரும்.

"சார், சொன்னதை விட லோடு ஜாஸ்தி. இன்னும் 15 ஆயிரம் போட்டாத்தான் வண்டி நகரும்."

"என்னங்க இது, பேசினது ஒண்ணு, கேக்கறது ஒண்ணா?"

"அது ஆபீஸ்ல பேசிக்குங்க."

ஆபீஸ் நம்பர் அடித்துக்கொண்டே இருக்கும். சமையல் பாத்திரம் முதல் பிள்ளையின் பாடப் புத்தகம் வரை அந்த வண்டியில். கேட்ட பணத்தைக் கொடுப்பதைத் தவிர வேறு வழி தெரியாமல் பலர் கொடுத்துவிடுகிறார்கள்.

தொழில் செய்பவர்கள் எல்லாருமே இப்படி என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் பக்கமும் ஒரு குறை உண்டு. "ரெண்டு ரூம் சாமான்தாங்க" என்று போனில் சொல்வார்கள். வந்து பார்த்தால் இரும்பு பீரோ இரண்டு, ஆட்டுக்கல், தாத்தா காலத்து ஊஞ்சல் பலகை எல்லாம் இருக்கும். மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. லோடுமேன்கள் முணுமுணுக்கத்தானே செய்வார்கள்? நேரில் வந்து பார்த்துவிட்டு ரேட் சொல்கிற கம்பெனிதான் இரண்டு தரப்புக்கும் நல்லது. பார்க்காமலே ரேட் சொல்கிறவர், பிறகு மாற்றுவதற்காகவே சொல்கிறார்.

பெரிய பேர் போதுமா?

நாடறிந்த கம்பெனியாகப் பார்த்துப் பிடித்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பெயரே சில சமயம் கம்பெனிக்காரருக்கே தலைவலி. அகர்வால் பேக்கர்ஸ் என்ற பெயருக்கு உரிமை கொண்டாடும் டி.ஆர்.எஸ். லாஜிஸ்டிக்ஸ், கூகுளுக்கு எதிராக டெல்லி ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. எங்கள் பெயரைத் தேடினால் வேறு ஆட்களின் விளம்பரம் முன்னால் வந்து நிற்கிறது என்பது புகார்.

2023 ஆகஸ்ட் 10-ல் இரண்டு நீதிபதிகள் பெஞ்ச் தீர்ப்புச் சொன்னது. அடுத்தவர் பெயரை விளம்பரத்துக்கான தேடல் சொல்லாக வைப்பது மட்டுமே குற்றம் ஆகிவிடாது. ஆனால் ஜனங்கள் குழம்பும்படி விளம்பரம் வந்தால், எனக்குச் சம்பந்தமில்லை என்று கூகுள் கையை விரிக்க முடியாது. தீர்ப்பின் சாரம் இது.

ஆகப் பெயரைப் பார்த்து போன் போட்டால் மறுமுனையில் எடுப்பவர் அந்தப் பெயர்க்காரர்தானா என்பதே சந்தேகம். ஜி.எஸ்.டி. நம்பரைக் கேட்டு வாங்கி அரசு இணையதளத்தில் போட்டால் கம்பெனியின் சட்டப்படியான பெயர் வந்துவிடும். 15 எழுத்து. தமிழ்நாட்டில் பதிவானதென்றால் 33 என்று ஆரம்பிக்கும். பணம் கேட்கும் பேங்க் கணக்கு அந்தப் பெயரில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்வது உத்தமம்.

நெல் மூட்டைக் கணக்கு

டெல்டாக்காரருக்கு ரசீதின் மதிப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2025 அக்டோபரில் கொள்முதல் நிலையங்களில் குறுவை நெல் தேங்கி மழையில் நனைந்து முளை விட்டதை ஊரே பார்த்தது. எடை போட்டு ரசீது கைக்கு வருவதற்கு முன்னால் நனைந்தால் நஷ்டம் விவசாயிக்கு. அதற்குப் பிறகு நனைந்தால் நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு. அதே நெல், அதே மழை. நடுவில் ஒரு காகிதம்.

வீட்டுச் சாமானுக்கும் அதே கணக்குதான். 1865-ம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டத்தை மாற்றி 2007-ல் சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2011-ல் வந்தன. வாடகைக்குச் சரக்கு ஏற்றுகிறவர் பதிவு செய்திருக்க வேண்டும். வண்டி சொந்தமில்லை, நான் புரோக்கர்தான் என்று நழுவ முடியாது. புரோக்கரும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்.

சாமான் கொடுப்பவர், என்ன பொருள், என்ன மதிப்பு என்று எழுதித்தர வேண்டும். ஏற்றியதும் கம்பெனிக்காரர் ரசீது தர வேண்டும். லாரிக்காரர்கள் எல்.ஆர். என்பது இதைத்தான். அந்த ரசீது இருந்தால், பொருள் தொலைந்தாலோ உடைந்தாலோ கம்பெனியின் அஜாக்கிரதையை நிரூபிக்க வேண்டிய பாரம் வீட்டுக்காரருக்குக் கிடையாது.

பில்லைக் குறைத்தால் யாருக்கு நஷ்டம்?

இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். "பில் போட்டா ஜி.எஸ்.டி. வரும், பாதிக்கு மட்டும் போட்டுக்கலாம் சார்" என்பார் கம்பெனிக்காரர். வீட்டுக்காரருக்கும் சந்தோஷம்.

ஆனால் விதி என்ன சொல்கிறது? கூடுதல் ரிஸ்க் கட்டணம் தனியாகக் கட்டாதபோது, நஷ்ட ஈடு அதிகபட்சம் வாடகையைப் போல் 10 மடங்கு. அதுவும் எழுதிக்கொடுத்த மதிப்பைத் தாண்டாது. 20 ஆயிரம் வாடகை என்றால் உச்சவரம்பு 2 லட்சம். பில்லில் 10 ஆயிரம் என்று எழுதினால் அது 1 லட்சம். பில்லே இல்லை என்றால் எதை வைத்து 10-ஆல் பெருக்குவது? வரியில் சில நூறு மிச்சம் பிடிக்கப் போய், லட்சக் கணக்கை அவரே கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்கிறார்.

இன்சூரன்ஸ் என்று தனியாகப் பணம் வாங்குகிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியின் பாலிசி நகல் கைக்கு வந்தால்தான் அது இன்சூரன்ஸ். இல்லாவிட்டால் அது இன்னொரு பெயரில் வாடகை.

வீணைக்கு விலை எழுதுங்கள்

தஞ்சை வீடுகளில் ஒரு தனிச் சங்கடம். "படம் 1, வாத்தியம் 1, விளக்கு 2" என்று லிஸ்ட் எழுதுவார்கள். படம் என்பது தங்க ரேக் ஒட்டிய தஞ்சாவூர் ஓவியம். வாத்தியம் என்பது ஒரே பலா மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை. விளக்கு நாச்சியார்கோயில் குத்துவிளக்கு. உடைந்த பிறகு எவ்வளவு கத்தினாலும், தாளில் இருப்பது வெறும் "படம் 1".

அளவு, சட்டம், மதிப்பு எல்லாவற்றையும் எழுதி, போட்டோவும் எடுத்து வைப்பது நல்லது. ஓவியத்தைப் படுக்கப் போட்டு மேலே பெட்டி அடுக்கினால் கண்ணாடி தாங்காது. வீணையின் மெட்டுகள் மெழுகில் பதித்தவை. சித்திரை வெயிலில் மூடிய லாரிக்குள் ஒரு பகல் கிடந்தால் மெழுகு இளகும், சுருதி போகும். வீணையும், நகையும், பிள்ளைகள் சர்டிபிகேட்டும் கையோடு வருவதே மேல். காஸ் சிலிண்டரை ஏஜென்சியில் ஒப்படைத்துவிட வேண்டும். லாரியில் ஏற்றக்கூடாது.

மடக்கினால் என்ன வழி?

பேசிய வாடகையில் பாக்கி இருந்தால் கம்பெனிக்காரர் கேட்பது நியாயம். பேசாத தொகையைக் கேட்டுச் சாமானை மடக்குவது வேறு. நம்பி ஒப்படைத்த சரக்கைக் கொண்டுபோகிறவரே மோசம் செய்தால், 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 316(3)-ன்படி 7 வருஷம் வரை ஜெயில். ஸ்டேஷனில் இதைப் பணத் தகராறு என்று ஒதுக்காமல் இருக்க, எவ்வளவு பேசினோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வண்டி நம்பரும் டிரைவர் போன் நம்பரும் வேண்டும்.

உடைந்த சாமானுக்கு நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. யோசனை கேட்க 1915 என்ற போன் நம்பர் இருக்கிறது.

ஒரு கண்டிஷன். புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். பரணில் ஏற்றிய அட்டைப்பெட்டியைப் பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போதுதான் பிரிப்பவர்கள் நிறைய. ஆனி முதல் வாரம் புக்கிங் செய்தவருக்கு மார்கழி பிறக்கும்போதே அந்தக் கெடு முடிந்துபோகும்.