பனியில் மாட்டினால் ஆக்சிலேட்டரை மிதிக்காதே

பெங்களூரில் வேலை பார்க்கும் பேரன், வருகிற ஜனவரியில் மூன்று நண்பர்களோடு தன் டீசல் ஜீப்பிலேயே மணாலி போகிறான். அதோடு விட்டால் பரவாயில்லை. அங்கிருந்து அடல் சுரங்கப்பாதை வழியாக லாஹுல் பக்கம் சிஸ்சு வரை போய், ரோட்டை விட்டு இறங்கிப் பனிக்குள் ஓட்ட வேண்டுமாம்.

"கவலைப்படாதீங்க ஐயா, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி" என்றான். என் கவலையே அதுதான்.

முன்பெல்லாம் லாஹுல் போக 3,978 மீட்டர் உயர ரோதாங் கணவாயைத் தாண்ட வேண்டும். குளிர்காலம் முழுக்க அது மூடிக் கிடக்கும், நம்மவர்கள் போக வழியே இல்லை. 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் சுரங்கம் திறந்தார்கள். இப்போது பனியைக் கண்ணால் பார்த்திராதவனும் ஜனவரியில் நேராக அதன் நடுவில் போய் இறங்கலாம். 2024 டிசம்பர் கடைசியில் சோலாங் பக்கம் நூற்றுக்கணக்கான வண்டிகள் மாட்டி, ஆயிரக்கணக்கானவர்களைப் போலீசார் மீட்டார்கள். அதற்கு முந்தைய டிசம்பரில் ஒருவர் நெரிசலுக்குப் பயந்து சந்திரா ஆற்றுக்குள்ளேயே ஜீப்பை ஓட்டி அபராதம் கட்டினார். இவன் அந்த வீடியோவைச் சிரித்துக்கொண்டே எனக்குக் காட்டுகிறான்.

நான் பார்த்ததெல்லாம் கண்மாய்ச் சேறுதான். வேலையில் இருந்தபோது ஓர் ஐப்பசியில், கரையை ஒட்டி எங்கள் அலுவலக ஜீப் இறங்கிவிட்டது. அதுவும் நாலு சக்கரமும் இழுப்பதுதான். டிரைவர் ஆத்திரத்தில் மிதிக்க மிதிக்க ஆக்ஸில் வரை புதைந்தது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து, "முதல்ல இஞ்சினை நிறுத்துங்க, எல்லாரும் இறங்குங்க" என்றார். வண்டிக்குள் கிடந்த சாமான்களை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் சேற்றை வழித்து, பனை மட்டையும் வைக்கோலும் திணிக்கச் சொன்னார். பிறகு மெல்ல கிளட்சை விட்டதும் வண்டி ஏறி வந்தது. வந்த வழியே பின்னால் போகச் சொன்னார் என்பதுதான் முக்கியம். முன்னால் போயிருந்தால் அடுத்த குழியில் விழுந்திருப்போம்.

பனிக்கும் அதே வைத்தியம்தான். சக்கரம் ஒரே இடத்தில் சுற்றினால் அடியில் பனி உருகி, உடனே கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். அதனால் மிதிக்காமல் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் தோண்டி, மணலோ கால்மிதியோ போட்டு, மெதுவாக எடுக்க வேண்டும். கட்டி இழுப்பதானால் கயிற்றின் நேருக்கு யாரும் நிற்கக்கூடாது. அறுந்தால் சாட்டை மாதிரி வந்து அடிக்கும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி கிளம்புவதற்குத்தான் உதவும். பிரேக் போட்டு நிறுத்துவதற்கு அது எல்லா வண்டியையும் போலத்தான். இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி மாட்டுகிற இடத்தைத் தாண்டி, இன்னும் உள்ளே கொண்டுபோய் மாட்டிவிடுவதுதான் அதன் குணம் என்பது என் அபிப்பிராயம்.

சேற்றில் இல்லாத ஆபத்து ஒன்று பனியில் உண்டு. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலையில் பனி பார்க்கப் போன குடும்பங்கள் ராத்திரி முழுக்க ரோட்டில் மாட்டிக்கொண்டன. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. பலர் கார்களுக்குள்ளேயே கிடந்தார்கள். குளிருக்கு ஹீட்டர் போட இஞ்சினை ஓடவிடுவோம். புகைக்குழாயைப் பனி மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கம் வருகிற மாதிரித்தான் இருக்கும். வண்டியை விட்டு இருட்டில் நடந்து போவதும் தப்பு, வண்டிக்குள் இஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் தப்பு. குழாயைச் சுற்றித் தோண்டிவிட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்திருக்க வேண்டும். ஒருவராவது விழித்திருக்க வேண்டும். இதை மட்டும் அவனிடம் மூன்று தடவை சொன்னேன்.

"ரேடியேட்டரில் என்ன இருக்கு?" என்று கேட்டேன். தெரியாது என்றான். திறந்து பார்த்தால், கோடைக்கு ஊற்றி ஊற்றி முக்கால்வாசி பச்சைத் தண்ணீர். காரைக்குடியில் அது போதும். அங்கே ராத்திரி உறைந்து விரிந்தால் இஞ்சின் பிளாக்கே வெடித்துவிடும். டீசலும் அப்படித்தான், கடுங்குளிரில் மெழுகு கட்டும். லடாக் போன்ற இடங்களுக்கென்று இந்தியன் ஆயில் 2019-இல் தனி டீசலே கொண்டுவந்தது, மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும். நம் ஊரில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு போய் அங்கே ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் யாரைக் குறை சொல்வது? ராத்திரி ஹேண்ட் பிரேக்கும் போடக்கூடாது, உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. அந்த வயதில் என்னிடம் வண்டி இருந்தால் நானும் போயிருப்பேன். ரோட்டை விட்டு இறங்குவதென்றால் இரண்டு வண்டியாகப் போ, அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொள், அவர் திரும்பு என்றால் திரும்பு என்றேன். சரி என்று தலையாட்டினான். எவ்வளவு காதில் ஏறியதோ தெரியவில்லை.

பனை மட்டை வேண்டாம், மம்பட்டி மட்டும் எடுத்துப் போகிறேன் என்றான். நம் வீட்டு மம்பட்டிக் காம்பு அவன் டிக்கியில் அடங்கவில்லை. ஆசாரியிடம் கொடுத்துப் பாதியாக அறுக்கச் சொல்லியிருக்கிறேன்.