சடைக்கு ஒரு குரோஷா ஊசி

டிரெட்லாக்ஸ் வேணும்னு பிள்ளை கேட்டதும் நம்மில் பலர் முதலில் கேட்பது, "தலை கெட்டுடாதா?" என்பதுதான். ஊசி பிடிக்கிற கைக்குப் பொறுமை இருந்தால் கெடாது. என் மகனுக்கு 16 வயசு. ஒரு வருஷமா அவன் சடையைப் பார்த்துக்கிறது நான்தான். அந்த அனுபவத்தில் சொல்றேன்.

ஆப்பிரிக்கச் சுருள்முடி தன்னாலேயே பின்னிக்கொண்டு சடையாகும். நம்ம பிள்ளைகளோட முடி பெரும்பாலும் அவ்வளவு சுருள் இல்லை, வழுக்கும். அதனால்தான் குரோஷா ஊசி. பாட்டி கம்பளி பின்னுகிற தடித்த ஊசி இதுக்கு உதவாது. லேஸ் பின்னும் மெல்லிய ஊசி, 0.5 முதல் 0.75 மி.மீ. வரை, அதுதான் சரி.

காய்ந்த முடியைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரிக்கணும். ஒவ்வொரு கற்றையையும் வேர்ப்பக்கமா எதிர்வாரி முதலில் சிக்காக்கணும். பிறகு ஊசியைக் கற்றைக்குள் குத்தி, மறுபக்கம் நீட்டி நிற்கிற நாலைந்து முடியைக் கொக்கியில் மாட்டி, உள்ளே இழுக்கணும். சடையைத் திருப்பித் திருப்பி, எல்லாப் பக்கத்திலிருந்தும் இதையே செய்யணும். முழுத் தலைக்கும் ஒரு பகல் போதாது. நாங்க இரண்டு நாள் எடுத்தோம்.

முடி மாசத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். அதனால் ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை வேர்ப்பக்கம் புதுசா வளர்ந்ததை மட்டும் உள்ளே சேர்த்தால் போதும். பலர் சறுக்குவது இங்கேதான். பார்க்க நல்லா இருக்கணும்னு வாராவாரம் ஊசி போட்டால், உள்ளே முடி அறுந்து, சடை ஓரிடத்தில் மெலிந்து பிய்ந்துவிடும். இழுக்கும்போது 'டிக், டிக்'னு சத்தம் கேட்டால் முடி அறுகிறது, அங்கேயே நிறுத்துங்க. வேரில் வலி, சின்னக் கொப்புளம் வந்தால் இறுக்கம் அதிகம்னு அர்த்தம். அதைக் கவனிக்காமல் தொடர்ந்து இழுத்தால், அந்த இடத்தில் முடி நிரந்தரமாகவே போய்விடலாம்.

குளிக்க வைப்பதிலும் கவனம் வேணும். கண்டிஷனர், எண்ணெய் இரண்டையும் சடைப் பக்கம் கொண்டு போகாதீங்க, சிக்கு நழுவிடும். அலசியபின் நன்றாகப் பிழிந்து, உட்பக்கம் வரை காய்ந்தபிறகே தூங்க விடுங்க. ஈரத்தோடு படுத்தால் சடைக்குள் பூஞ்சை பிடித்து நாற்றம் வரும்.

பள்ளி விதியை முன்கூட்டியே படிச்சிடுங்க. பிரிட்டனில் சமத்துவ, மனித உரிமைகள் ஆணையம் 2022 அக்டோபரில் இதுபற்றி வழிகாட்டுதல் வெளியிட்டது. இனம் சார்ந்த முடி அலங்காரங்களைப் பள்ளிகள் தடை செய்வது பெரும்பாலும் சட்டவிரோதமாகலாம் என்கிறது அது. ஆனால் அது முக்கியமாகக் கறுப்பினப் பிள்ளைகள் பட்ட பாட்டிலிருந்து வந்தது. நம்ம பிள்ளைக்கும் அப்படியே பொருந்தும்னு எண்ணிக்கொண்டு ஊசியை எடுக்காதீங்க.

ஊரிலிருந்து பாட்டி வீடியோவில் பார்த்துட்டு, "என்னடா, சாமியாராப் போகப் போறியா?" என்பாங்க. உடனே, "சிவனுக்கும் சடைதானே பாட்டி" என்று தப்பிக்கப் பார்ப்பான் பிள்ளை. சிவனுக்குச் சடை உண்டு, சித்தர்களுக்கும் உண்டு. ஆனால் அவனுக்கு ஆசை வந்தது அங்கிருந்தா? 1930களில் ஜமைக்காவில் எழுந்த ராஸ்தஃபாரி இயக்கமும் பாப் மார்லியும் வழியாக வந்த சடை அது. அதை வைத்தவர்கள் வேலையிலும் வகுப்பிலும் அவமானப்பட்டிருக்காங்க. இதைத் தெரிந்துகொண்டு வைக்கட்டும். பாட்டிக்கும் அதையே சொல்லட்டும்.

பிடிக்காமல் போனால்? பிரிக்கலாம், நாள்கணக்காகும், பெரும்பாலானவர்கள் வெட்டிவிடுறாங்க. வெட்டினாலும் முடி வளரும். ஒரு வயசில் அவனைக் கேட்காமலே நாம மொட்டை போட்டோமே, அதுக்கப்புறமும் வளர்ந்த முடிதானே இது. இந்தத் தடவை அவன் நம்மைக் கேட்டுட்டுச் செய்றான்.