'டக்'குன்னு சத்தம் வந்தா சரியாயிடுச்சா?



போன வருஷம் கபடி மேட்ச் பார்த்தவங்களுக்கு அந்த ரெய்டு மறந்திருக்காது. நம்ம ரெய்டர் (பேர் வேண்டாம், அவனும் இந்த மலரைப் படிப்பான்) போனஸ் கோட்டைத் தொட்டுட்டுத் திரும்பினான். வலது கால் தரையிலேயே நின்னுடுச்சு, உடம்பு மட்டும் திரும்பிடுச்சு. அவனை யாரும் பிடிக்கக்கூட இல்லை! முட்டிக்குள்ள 'டப்'புன்னு ஏதோ தெறிச்ச மாதிரி இருந்ததுன்னு சொன்னான். ஒரு மணி நேரத்துல முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கிடுச்சு.

அதுக்கப்புறம் நாங்க செய்த காரியத்தைத்தான் எழுத வந்தேன். ஷேர் ஆட்டோ குரோம்பேட்டை அரசு மருத்துவமனை வழியாத்தான் போச்சு. "அங்கே போனா சீட்டு, எக்ஸ்ரே, வரிசைன்னு பொழுது போயிடும். கட்டு போடறவர்கிட்ட போனா அரை மணியில முடிஞ்சிடும்" என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். ஒரு சந்துக்குள்ளே கட்டு போடும் இடம். எண்ணெய் தடவி நீவினார். காலைப் பிடிச்சு ஒரு இழுப்பு, ஒரு திருப்பு. 'டக்'! நண்பன் அலறினான். "மூட்டு விலகியிருந்துச்சு தம்பி, உட்கார வெச்சாச்சு" என்றார். நாங்க நிம்மதியா பரோட்டா சாப்பிட்டுத் திரும்பினோம்.

வீக்கம் வத்திடுச்சு. ஆனா படி இறங்கும்போதெல்லாம் முட்டி தானா மடங்கும். மறுபடி கட்டு, மறுபடி எண்ணெய். நாலாவது மாசம் எம்.ஆர்.ஐ. எடுத்தப்போதான் தெரிஞ்சுது, முட்டியின் முன்சிலுவை ஜவ்வு முழுசா அறுந்திருக்கு. அதோட, தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கிற சவ்வும் கிழிஞ்சிருக்கு. ரெண்டாவது கிழிசல், முட்டி மடங்கி மடங்கி விழுந்ததுல வந்திருக்கலாம்னு டாக்டர் சொன்னார். அதாவது, அந்த நாலு மாசம் நாங்க சேர்த்து வெச்ச வட்டி!

அப்போ அந்த 'டக்' சத்தம்? மெக்கானிக்கல் நண்பர்களே, பம்பு பாடத்துல கேவிடேஷன் படிச்சோமே, ஏறக்குறைய அதேதான். மூட்டுக்குள்ளே வழவழன்னு ஒரு திரவம் இருக்கு. மூட்டைச் சட்டுனு இழுத்தா அழுத்தம் குறைஞ்சு வாயுக்குழி உண்டாகுது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் விரலைச் சொடுக்கும்போதே எம்.ஆர்.ஐ.யில் படம் பிடிச்சு 2015இல் இதைக் காட்டினாங்க. சத்தம் வந்தா எலும்பு இடத்துக்கு வந்துடுச்சுன்னு அர்த்தமில்லை. அறுந்த ஜவ்வு எந்தச் சத்தத்துக்கும் ஒட்டாது.

இப்போ இதே 'டக்' இங்கிலீஷ் டிரெஸ் போட்டு வந்திருக்கு. கைரோபிராக்டிக்! ஹாஸ்டல்ல ராத்திரி பத்து மணிக்கு மேல செல்போன்ல பாருங்க, கழுத்துகிட்ட மைக்கை வெச்சு 'மடமட'ன்னு சத்தம் கேட்கவெக்கிற வீடியோதான். அமெரிக்காவில் அயோவா மாகாணத்தின் டேவன்போர்ட் ஊரில் டி.டி. பாமர் என்பவர் 1895இல் ஆரம்பிச்ச முறை இது. அங்கே முறையா படிச்சு, லைசென்ஸ் வாங்கித்தான் செய்யணும். சாதாரண இடுப்புவலிக்கு மற்ற சிகிச்சை, உடற்பயிற்சி அளவுக்கு இதுவும் பலன் தருதுன்னு ஆராய்ச்சிகள் சொல்லுது, அதை மறுக்கலை. ஆனா நம்ம நாட்டில் இதுக்குன்னு ஒரு கவுன்சிலோ பதிவேடோ கிடையாது. 2021ஆம் வருஷச் சட்டத்தில் பிசியோதெரபிக்கு இடம் இருக்கு. போர்டு மாட்டினவர் எங்கே படிச்சார்னு யாரைப் போய்க் கேட்பீங்க? கழுத்தை வெடுக்குனு திருப்பினா மூளைக்குப் போற ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் இருக்கு. அபூர்வம்தான். ஆனா சலூன்ல முடி வெட்டிட்டு 'ஃப்ரீ'யா ஒரு கழுத்துச் சொடக்கு வாங்கிட்டு வர்றோமே!

மேட்சுக்கு முன்னாடி முதுகைச் சொடுக்கினா வேகம் கூடும்னு நம்ம டீமிலேயே ரெண்டு பேர் சத்தியம் பண்றாங்க. அதுக்கு உருப்படியான ஆதாரம் இல்லை. வார்ம் அப் பண்ணுங்கப்பா!

நாட்டு வைத்தியத்தை மட்டம் தட்டறதா நினைக்காதீங்க. ரேணிகுண்டா - அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கிற புத்தூர்க் கட்டுக்கு எத்தனை தலைமுறையா ஜனங்க போறாங்க. பச்சிலையும் மூங்கில் பத்தையும் வெச்சு அசையாமல் கட்டினா சாதாரண முறிவு சேரத்தான் செய்யும், அசையாம வைக்கிறதுதானே மாவுக்கட்டின் வேலையும். நம்ம சித்த மருத்துவத்திலும் தொக்கணம் ஒன்பது வகை, அதில் இழுத்தலும் முறுக்கலும் உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில், பட்டம் படிச்ச சித்த மருத்துவர்கள் நோயைக் கணிச்சுத்தான் வர்மமும் தொக்கணமும் செய்யறாங்க. உள்ளே என்ன உடைஞ்சிருக்குன்னு பார்க்காமலே கை வைக்கிறதுலதான் என் சண்டை. இறுக்கிக் கட்டின கட்டில் ரத்த ஓட்டம் நின்னு கை அழுகிப் போனவங்க உண்டு. அடிபட்ட முழங்கையை நீவினா தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து கை மடங்காமப் போகும்.

ஜனங்க ஏன் சந்துக்குள்ளே போறாங்கன்னும் கேட்கணும். அந்தப் பெரியவர் காலைத் தொட்டுப் பார்த்தார், "எப்படிடா விழுந்தே?"ன்னு கேட்டார். பல டாக்டர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கறதில்லை. இதை ஆஸ்பத்திரிக்காரங்களும் கொஞ்சம் யோசிக்கட்டும்.

நமக்கு இது விளையாட்டு விஷயம் மட்டுமில்லை. டிப்ளமோ முடிச்சு ஒரகடமோ மறைமலைநகரோ போனா ஷிப்டுக்கு எட்டு மணி நேரம் நிற்கணும். நம்ம வீடுகள்ல பல பேருக்கு அந்த முதல் சம்பளம்தான் கணக்கு. என் நண்பனுக்கு ஆபரேஷன் ஆச்சு. மறுபடி களத்தில் இறங்க குறைஞ்சது ஒன்பது மாசம் ஆகும், அதுவும் பிசியோதெரபி ஒழுங்கா செய்தா மட்டும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஊன்றுகோலோட போனான். "முழுசா குணமானதும் வாங்க" என்று மரியாதையாத்தான் அனுப்பினாங்க.

யூனியனுக்கு ஒரு கோரிக்கை. கிரவுண்டுல ஐஸ் பெட்டி, கிரேப் பேண்டேஜ், கால் அசையாம வைக்க ஒரு பலகை வேணும். வாரம் ஒரு நாள் ஒரு பிசியோதெரபிஸ்ட் வரணும். சத்தம் கேட்டு வீங்கின முட்டி, காலை ஊன்ற முடியாத நிலை, மரத்துப்போன கை கால் - இந்த மூணுக்கும் நேரா ஆஸ்பத்திரிதான்னு பி.டி. சார் ரூம் கதவுல எழுதி ஒட்டணும். ஆண்டு விழா மேடைக்கு ஆகிற பூச்செலவைக் கொஞ்சம் குறைச்சாலே முதல் ரெண்டும் வந்துடும்.

மனு எழுதியாச்சு. இதுவரை இருபத்தொரு கையெழுத்து. முதல் கையெழுத்து அவனோடது. "கட்டு போடற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனவன் நீதானே, ரெண்டாவது நீ போடு"ன்னு பேனாவை என்கிட்டதான் நீட்டினான்.

- மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்