பேட்டிக்குப் போகும் பிள்ளை

படிப்பு முடிந்தது. விண்ணப்பம் போட்டாயிற்று. "நேரில் வாருங்கள்" என்று கம்பெனியில் இருந்து தகவலும் வந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் போகவேண்டிய பிள்ளைக்கு மட்டும் அன்று இரவு தூக்கம் வருவதில்லை. காரணம், இண்டர்வியூ என்னும் பேட்டி!

திருவேற்காட்டில் இந்தக் கவலை இல்லாத தெரு இராது. சுற்றிலும் வேலை தரும் ஊர்கள். அம்பத்தூரில் 1949-ம் ஆண்டிலேயே டி.ஐ. சைக்கிள் கம்பெனி தொடங்கியது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-ல் முதலாவது விஜயந்தா டாங்கி உருவாயிற்று. இன்று அம்பத்தூரில் லேத் பட்டறைகளுக்கு அருகிலேயே கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டிடங்களும் நிற்கின்றன.

வேலை பக்கத்தில் இருக்கிறது. ஆனால் வாசலில் ஒரு மேஜை போட்டிருக்கிறது. மேஜைக்கு அப்பால் 3 பேர் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்கள். தகப்பனார் ஆட்டோ ஓட்டுகிறவர். தாயார் பூக்கட்டி விற்கிறவர். அந்த மேஜைக்கு முன்னால் உட்காரும் முதல் ஆள், அந்தக் குடும்பத்தில் அந்தப் பிள்ளைதான். எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. அதுதான் பயத்துக்குக் காரணம்.

இங்கிலீஷ் பயம்

"எனக்கு இங்கிலீஷ் வராது. அதனால் வேலை கிடைக்கவில்லை" என்று பல பிள்ளைகள் சொல்லுகிறார்கள். இது பாதி உண்மை. வெளிநாட்டுக்காரரோடு போனில் பேசும் வேலைக்கு இங்கிலீஷ் வேண்டும். அதைப் பழகித்தான் ஆகவேண்டும். ஆனால் எல்லா வேலையும் அப்படி அல்ல.

ஐ.டி.ஐ.யில் டர்னர் படிப்பு முடித்த ஒரு வாலிபனை எடுத்துக்கொள்ளுங்கள்.

"என்ன வேலை தெரியும்?" என்று கேட்கிறார் மானேஜர்.

"எல்லா வேலையும் தெரியும் சார்" என்கிறான் அவன்.

இதை இங்கிலீஷில் சொன்னாலும் பயன் இல்லை. எல்லாம் தெரியும் என்றால், எதுவும் சொல்லவில்லை என்றுதான் பொருள். அதே வாலிபன் இப்படிச் சொல்லட்டும்:

"ராடை சக்கில் பிடித்து, முகத்தைச் சீவி, சென்டர் போட்டு, 25 மில்லிமீட்டருக்குக் கடைந்து இருக்கிறேன் சார். வெர்னியர் வைத்து அளந்து பார்ப்பேன். கடைசி அளவை மைக்ரோமீட்டரில் சரிபார்ப்பேன்."

உடனே அடுத்த கேள்வி வரும். "வெர்னியரில் எவ்வளவு நுட்பமாக அளக்கலாம்?" வழக்கமான வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் வரை, மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டர் வரை. கையால் அளந்தவனுக்கு இது தெரியும். தமிழில் சொன்னாலும் மானேஜருக்கு அது புரியும்.

பி.காம். படித்த பெண்ணுக்கும் இதுதான். "கணக்கு எழுதத் தெரியும்" என்பது பதில் அல்ல. "மாமா கடையில் 6 மாதம் பில் போட்டேன். சாயங்காலம் கல்லாவில் உள்ள பணத்தையும் பில் தொகையையும் ஒத்துப்பார்ப்பேன். ஒரு நாள் ரூ.500 குறைந்தது. ஒரே பில்லை இரண்டு தடவை பதிந்திருந்ததைக் கண்டுபிடித்தேன்" என்பது பதில்.

பேட்டியில் தோற்பவர்களில் பலர், தெரியாததால் தோற்பதில்லை. தெரிந்ததை வரிசையாகச் சொல்லப் பழகாததால் தோற்கிறார்கள்.

ராமானுஜன் சந்தித்த பேட்டி

கணித மேதை ராமானுஜன் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் மனம் செல்லவில்லை. ஆகவே, கல்லூரிப் பரீட்சையில் தேறவில்லை. பட்டம் இல்லை. வேலையும் இல்லை. 1910-ம் ஆண்டின் கடைசியில், நெல்லூரில் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவைப் பார்க்கப் போனார். முகச்சவரம் இல்லை. உடையும் எளிய உடை. கக்கத்தில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம்.

நோட்டைத் திறந்து தம் கண்டுபிடிப்புகளை விளக்கினார். கலெக்டர் கணக்கில் ஈடுபாடு உள்ளவர். அப்படியும் அவருக்குப் புரியவில்லை. இது மேதையின் பேச்சா, வெறும் பேச்சா என்று முடிவு கட்ட முடியவில்லை. "இன்னொரு தடவை வா" என்று சொல்லி அனுப்பினார்.

மறு தடவை ராமானுஜன் என்ன செய்தார்? கேட்பவருக்கு எவ்வளவு புரியும் என்று கணித்துக்கொண்டார். முதலில் எளியவற்றைக் காட்டினார். பிறகு படிப்படியாகக் கடினமானவற்றுக்கு அழைத்துச் சென்றார். கலெக்டர் வியந்து போனார்! "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். கணக்கு ஆராய்ச்சியைத் தொடர, வயிற்றுப்பாட்டுக்குக் கொஞ்சம் பணம் போதும் என்றார் ராமானுஜன். கலெக்டர் சில காலம் மாதம் ரூ.25 கொடுத்து உதவினார். 1912 மார்ச் 1-ந்தேதி சென்னைத் துறைமுகத்தில் ரூ.30 சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்கியது.

எல்லோரும் ராமானுஜன் ஆக முடியாது. ஆனால் அவர் இரண்டாம் தடவை செய்ததை எல்லோரும் செய்யலாம். சொந்தமாகச் செய்ததைப் பேசவேண்டும். எளியதில் தொடங்கவேண்டும். கேட்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். சவரம் செய்யாமல் போகலாம் என்று மட்டும் யாரும் பாடம் படிக்கவேண்டாம்!

வீட்டில் ஒரு வாரம்

இதற்குப் பணம் கட்டிப் படிக்கும் வகுப்பு அவசியம் இல்லை. ஒரு வாரம் வீட்டிலேயே பழகலாம்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளை, தாய்க்கு எதிரே உட்காரட்டும். "நீ என்ன படித்தாய்? கையால் என்ன செய்தாய்? அதில் என்ன தப்பு வந்தது? எப்படிச் சரிசெய்தாய்? ஏன் இந்த வேலைக்கு வருகிறாய்?" இந்த 5 கேள்விகளைத் தாய் கேட்கட்டும். தாய்க்கு லேத் தெரியாது. கணக்குப் பதிவும் தெரியாது. அதனால்தான் அவர் நல்ல பரீட்சை அதிகாரி! தாய்க்குப் புரியும்படி சொல்லிவிட்டால், மானேஜருக்கும் புரியும்.

ஒவ்வொரு பதிலும் 2 நிமிஷத்துக்குள் முடியவேண்டும். விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு வரியையும் விளக்கத் தெரியவேண்டும். சினேகிதன் விண்ணப்பத்தைப் பார்த்து எழுதிய வரிகளை அடித்துவிட வேண்டும். மாட்டிக்கொள்வது அங்கேதான்.

முந்திய நாளே ஒரு தடவை போய் வழி பார்த்து வருவது நல்லது. ஆடி மாதத்தில் கருமாரியம்மன் கோவில் கூட்டத்தில் பஸ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று திருவேற்காட்டுக்காரருக்குச் சொல்லவேண்டியது இல்லை. அரை மணி முன்னதாகப் போய்ச் சேரவேண்டும். துவைத்துத் தேய்த்த உடை போதும். கடன் வாங்கிக் கோட்டு தைக்கவேண்டாம்.

தெரியாத கேள்வி வந்தால், "தெரியாது சார், கற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். அதில் வெட்கம் இல்லை. மழுப்பினால்தான் வெட்கம்.

வேலை கேட்பவரும் கேள்வி கேட்கலாம். இது நிரந்தர வேலையா, காண்டிராக்டா, அப்ரண்டிஸ் பயிற்சியா? ஷிப்டு எத்தனை மணிக்கு? பி.எப்., இ.எஸ்.ஐ. உண்டா? அப்ரண்டிஸ் என்றால் கிடைப்பது சம்பளம் அல்ல, உதவித்தொகை. பயிற்சி முடிந்ததும் வேலை நிச்சயம் என்றும் இல்லை. இதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ளவேண்டும். பெண்ணுக்கு இரவு ஷிப்டு உண்டா, வீடு வரை வண்டி வருமா என்று கேட்பதும் நியாயமான கேள்விதான்.

ஒன்பதாவது பெயர்

அப்துல் கலாம் சென்னையில் விமானத் தொழில்நுட்பம் படித்தவர். 1958-ல் டேராடூனில் விமானப் படை வேலைக்கு நடந்த தேர்வுக்குப் போனார். வந்தவர்கள் 25 பேர். எடுத்தது 8 பேரை. கலாம் ஒன்பதாவது! மனம் உடைந்தது. ஆனால் டில்லியில் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்பப் பிரிவுக்கும் அவர் பேட்டி கொடுத்திருந்தார். அந்த வேலைக்கு உத்தரவு வந்தது. அடிப்படைச் சம்பளம் ரூ.250. அந்த வாலிபர்தான் 2002-ல் ஜனாதிபதி ஆனார்.

ஆகவே, ஒரு பேட்டியில் தோற்ற பிள்ளையை வீட்டில் ஏசக் கூடாது. "என்ன கேட்டார்கள்? நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டு எழுதி வைக்கவேண்டும். அடுத்த பேட்டிக்கு அதுதான் பாடப் புத்தகம்.

கேட்பவரின் கடமை

பிள்ளைகளுக்கு மட்டும் புத்தி சொன்னால் போதாது. மேஜைக்கு அப்பால் இருப்பவருக்கும் கடமை உண்டு.

ஸ்ரீநகர் என்ஜினீயரிங் கல்லூரி ஒன்றில் மாணவர்களைச் சேர்க்க, எழுத்துப் பரீட்சைக்கு 100 மார்க்கும், பேட்டிக்கு 50 மார்க்கும் வைத்தார்கள். ஒவ்வொருவரிடமும் 2, 3 நிமிஷம்தான் பேசினார்கள் என்றும், தகப்பனார் யார், வீடு எங்கே என்று கேட்டார்கள் என்றும் வழக்கு வந்தது. 1980-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைக் கண்டித்தது. அப்படிப்பட்ட தேர்வில் பேட்டிக்கு 15 சதவீதத்துக்கு மேல் மார்க் வைப்பது நியாயம் ஆகாது என்று தீர்ப்பு அளித்தது.

தனியார் கம்பெனிக்கு அந்தத் தீர்ப்பு சட்டம் அல்ல. ஆனாலும் நியாயம் பொதுவானது. "அப்பா என்ன வேலை?" என்று முகம் சுளிக்கக் கேட்பதில் என்ன தெரிந்துவிடும்? பெண்ணிடம் "கல்யாணம் எப்போது?" என்று கேட்பதால் அவள் கணக்குத் திறமை தெரியுமா? ஒரு ராடைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். ஒரு பில்லைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். 10 நிமிஷத்தில் உண்மை தெரிந்துவிடும். வேலை இல்லை என்றால் அதையும் சொல்லி அனுப்புங்கள். "தகவல் வரும்" என்று சொல்லி மாதக் கணக்கில் போனைப் பார்த்துக்கொண்டிருக்க வைப்பது கொடுமை.

பணம் கேட்டால் வேலை இல்லை

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பேட்டிப் பயத்தை வைத்தே பிழைக்கும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். "பேட்டியில் மார்க் வாங்கித் தருகிறேன், 2 லட்சம் கொடு" என்பார்கள். மத்திய அரசின் குமாஸ்தா முதலிய 'சி' பிரிவு வேலைகளுக்கும், கெஜட் பதவி அல்லாத 'பி' பிரிவு வேலைகளுக்கும் 2016 ஜனவரி 1-ந்தேதி முதல் பேட்டியே கிடையாது! இல்லாத பேட்டியில் எப்படி மார்க் வாங்கித் தருவான்?

தாலியை அடகு வைத்து இவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். அசல் சர்டிபிகேட்டையும் யாரிடமும் விட்டு வராதீர்கள். நகல் போதும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்குக் கட்டணம் இல்லை. அங்கே ஒரே நாளில் பல கம்பெனிகளைப் பார்க்கலாம். முதல் மேஜையில் கை நடுங்கும். நான்காவது மேஜைக்குப் போகும்போது குரல் தானாக நிமிர்ந்துவிடும்.

அடுத்த வாரம் பேட்டிக்குப் போகும் பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும், இன்று இரவே அந்த 5 கேள்விகளைத் தொடங்கலாம்.