'நாகினி' 6-வது சீசன்: லாஜிக்தான் பிரச்சினையா? மணவூர் பக்கத்து நீலியிடம் ஒரு பதில் இருக்கிறது

ஒரு பெண் நினைத்த நேரத்தில் பாம்பாக மாறுகிறாள். மருமகளாக ஒரு வீட்டுக்குள் நுழைந்து, தன் பெற்றோரைக் கொன்றவர்களைத் தேடுகிறாள். 'நாகினி' முதல் சீசன் பாலிமர் டிவியில் தமிழ் பேசிக்கொண்டு வந்தபோது, இதில் லாஜிக் எங்கே என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. தட்டில் தோசையைப் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தார்கள். ஆறாவது சீசன் வந்தபோது அதே ஆட்கள்தான், 'என்னங்க இது, கொஞ்சமாவது லாஜிக் வேண்டாமா?' என்றார்கள்.

பெண் பாம்பாவதை ஏற்றுக்கொண்டவர்களுக்கு ஆறாவது சீசனில் மட்டும் திடீரென்று பகுத்தறிவு வந்துவிட்டதா என்ன? அவர்கள் சொல்ல வந்தது வேறு. கைக்குக் கிடைத்த வார்த்தை 'லாஜிக்', அவ்வளவுதான்.

முதலில் ஒரு சின்ன ரீவைண்ட். ஏக்தா கபூரின் பாலாஜி டெலிஃபிலிம்ஸ் தயாரித்த 'நாகின்', 2015 நவம்பரில் கலர்ஸ் சேனலில் இந்தியில் தொடங்கியது. மௌனி ராய் நடித்த ஷிவன்யாவுக்கு ஒரே வேலைதான்: அப்பா அம்மாவைக் கொன்றவர்களைப் பழிவாங்குவது. கொன்றவர்கள் ஐந்து பேர். கணக்கு ஒரு கை விரலில் அடங்கிவிடும். அந்த ஐந்தாவது ஆள் யார் என்ற கேள்வியே கதையை வாரக்கணக்கில் இழுத்துப் போனது.

2016 அக்டோபரில் இரண்டாவது சீசன். ஷிவன்யாவின் மகளாக அதே மௌனி ராய். 2018-ல் வந்த மூன்றாவதில் நாயகி மாறினார். நான்காவது, 2020 ஊரடங்கில் மாட்டி அவசரமாக முடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐந்தாவது. அதில் பாம்புக்கு எதிரி கழுகு. ஆறாவது 2022 பிப்ரவரியில், தேஜஸ்வி பிரகாஷ் நாயகியாக. இந்தமுறை நாகினிக்குக் குடும்பப் பகை போதவில்லை. பக்கத்து நாடு சதி செய்து பரப்பும் கொள்ளைநோயிலிருந்து நாட்டைக் காப்பாற்ற வந்தாள். கதை இதுதான் என்று தெரிந்ததுமே மீம்கள் பறக்க ஆரம்பித்துவிட்டன.

இங்கே என்ன உடைந்தது என்று பார்க்க மும்பை ஸ்டூடியோவுக்குப் போக வேண்டாம். மணவூர் வரை போனால் போதும்.

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் தினம் வேலைக்குப் போய் வருபவர்களுக்கு மணவூர் தெரியும். திருத்தணி மலையும் ஆந்திர எல்லையும் கிட்டத்தில் இருக்கும் பகுதி. மணவூருக்கு அடுத்த நிலையம் திருவாலங்காடு. அதை ஒட்டி இருக்கிறது பழையனூர். 'சும்மா நீலிக் கண்ணீர் வடிக்காதே' என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறோமே, அந்த நீலியின் ஊர் இதுதான்.

கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. அதிகம் புழங்குவது இது: ஒருவன் தன் மனைவியைக் காட்டில் வைத்துக் கொன்றுவிடுகிறான். அடுத்த பிறவியில் அவன் ஒரு வணிகன், அவள் பேய். அவன் கையில் மந்திர வாள் ஒன்று இருப்பதால் அவளால் கிட்டே நெருங்க முடியவில்லை. கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர்கள் எழுபது பேர் கூடியிருந்த சபையில் போய் அழுகிறாள். இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுட்டார் என்கிறாள். 'ஐயா, இவள் பேய்' என்று அவன் கதறுகிறான். சபை நம்பவில்லை. வாளை வாங்கி வைத்துக்கொண்டு, உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் எழுபது பேர் உயிரும் உனக்கு ஈடு என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே இடத்தில் தங்க வைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

ஞானசம்பந்தர் தன் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்தக் கதையைத் தொட்டுப் போகிறார். அப்படியானால் 7-ம் நூற்றாண்டிலேயே இது மக்களிடம் பரவியிருந்திருக்கிறது. 1,300 வருஷத்துக்கு மேல் ஓடும் பேய்க் கதை! எந்த சேனலுக்கும் இந்த 'ரன்' கிடைக்காது.

இதிலும் லாஜிக் இல்லைதான். கள்ளிக்கொம்பு எப்படிக் குழந்தையாகும்? ஆனால் கதை தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி எதையும் மீறவில்லை. வாள் இருக்கும்வரை பேயால் தொட முடியாது என்றால், கடைசிவரை முடியாதுதான். சபை அதை வாங்கி வைத்தால்தான் வழி பிறக்கும். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். எழுபதில் ஒருவர்கூடப் பின்வாங்கவில்லை. அவள் வந்தது ஒரே ஓர் உயிருக்காக. அது கிடைத்ததும் அவள் கணக்கு முடிந்தது.

போகிற போக்கில் ஒன்று. நீலியின் கண்ணீரைப் பொய்க் கண்ணீர் என்று பழமொழி ஆக்கிவிட்டோம். கணவன் கையால் செத்தவள் அவள். காட்டில் அவள் உயிர் போனபோது அவளுக்காக எந்தச் சபையும் கூடவில்லை. அழுது, குழந்தையைக் காட்டி, நடித்தால்தான் நாலு பேர் காதில் விழுந்தது. இதில் எது பொய், எது நிஜம்?

அமானுஷ்யத் தொடரின் உயிர்நாடி இந்த இடத்தில்தான் இருக்கிறது. நியாயம் கிடைக்காத ஒருத்தி, அதைக் கேட்கச் செத்த பிறகும் வருகிறாள் என்பதுதான் மையம். பாம்பு, பேய், கருப்பு எல்லாம் அதற்குப் போட்ட வேஷம். முதல் சீசனில் ஷிவன்யாவுக்கு அந்த நியாயம் இருந்தது. அதனால் அவள் பாம்பானதும் நமக்கு உறுத்தவில்லை. போகப்போக நாகினிக்குப் பழிவாங்குவது ஒரு மாச சம்பள வேலை மாதிரி ஆகிவிட்டது. சீசன் தொடங்கினால் யாராவது துரோகம் செய்ய வேண்டும், யாராவது மறுபிறவி எடுக்க வேண்டும். இந்த சீசனில் சக்தி எப்போது வரும், எப்போது போகும் என்பதும் தேவைக்குத் தகுந்தபடி மாறியது. 'லாஜிக் இல்லை' என்று பார்வையாளர்கள் சொன்னது, கதை தன் சொந்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்பதைத்தான்.

ஆறாவது சீசனில் அதற்கும் மேலே ஒன்று நடந்தது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்ஸிஜனுக்கும் படுக்கைக்கும் இந்த நாடு அலைந்தது. வீட்டுக்கு வீடு யாரையாவது இழந்தார்கள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அந்த நோயை அப்படியே எடுத்து, வெளிநாட்டு வில்லன், விஷக் கிருமி, காப்பாற்ற வரும் நாகினி என்று திரைக்கதை போட்டுவிட்டார்கள். மீம் போட்டவர்கள் சிரிக்கவே போட்டார்கள், சரி. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கோபமும் இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது. ஐந்து கொலைகாரர்களை விரல் விட்டு எண்ணிய கதை, நிஜமாகவே செத்தவர்களை எண்ண வேண்டிய இடத்தில் ஒரு கற்பனை எதிரியைக் காட்டிவிட்டுப் போனது. இதை லாஜிக் குறை என்று சொல்வது ரொம்ப மரியாதையான வார்த்தை.

'அட, பொழுதுபோக்குக்குத்தானே பார்க்கிறோம், இதுக்குப் போய் இவ்வளவா?' என்பவர்களும் உண்டு. அவர்கள் கையில் ஒரு பலமான ஆதாரம் இருக்கிறது: இவ்வளவு கிண்டலடிக்கப்பட்ட ஆறாவது சீசன்தான் 2023 ஜூலை வரை, மற்ற எல்லா சீசனையும்விட நீண்ட காலம் ஓடியது. பிடிக்காமலா ஓடும்?

பிடிக்காமலும் ஓடும். டிஆர்பியை பார்க் என்ற அமைப்பு கணக்கிடுகிறது. நாடு முழுக்க 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மீட்டர் பொருத்தி, எந்த சேனல் எவ்வளவு நேரம் ஓடியது என்று பார்க்கிறார்கள். டிவி ஓடியதா என்றுதான் மீட்டருக்குத் தெரியும். அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்களா, காய் நறுக்கிக்கொண்டே காதில் மட்டும் வாங்கினார்களா என்று தெரியாது. மொபைலில் பார்க்கும் உங்களையும் என்னையும் அந்த மீட்டர் எண்ணுவதே இல்லை. ஆகவே நம்முடைய 'கடுப்பாகுது' என்ற கருத்து, அடுத்த சீசனுக்கு ஓகே சொல்லும் அறைக்குப் போய்ச் சேர வழி குறைவு. கிண்டலடித்தபடியே முழுசாகப் பார்த்து முடிப்பதும் அவர்கள் கணக்கில் வெற்றிதான்.

அப்படியென்றால் இரண்டாவது சீசனே எடுக்கக் கூடாதா? எடுக்கலாம். பழையனூர் நீலிக்கே ஒரு 'ஸ்பின்-ஆஃப்' உண்டு. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான 'நீலகேசி' அவளைத்தான் நாயகியாக எடுத்துக்கொள்கிறது. உயிர்ப்பலியை நிறுத்தச் சொன்ன முனிச்சந்திரர் என்ற சமண முனிவரைப் பயமுறுத்தி விரட்டப் போகிறாள் நீலி. அவர் அசையவில்லை. பேய் அவரிடமே பாடம் கேட்டு, பிறகு பௌத்தர் முதல் வேதவாதிவரை ஒவ்வொருவரையும் தேடிப்போய் வாதம் செய்கிறது. பேரும் ஊரும் பழசு, அவளுக்குக் கிடைத்த வேலை புதுசு. அதே புருஷனை இன்னொரு பிறவியில் இன்னொரு தரம் கொல்ல வைக்காமல், அவளுக்குக் கேட்க ஒரு கேள்வியைக் கொடுத்தார் அந்தப் பெயர் தெரியாத புலவர். ஒரு பேயை இவ்வளவு மதித்த எழுத்தாளர் தமிழ் சீரியல் உலகில் இன்னும் வரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

டிவியில் இதற்குக் கிட்டே வந்தது 90-களின் 'மர்மதேசம்'. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. 'ரகசியம்' முடிந்ததும் அதே கோயிலுக்குள் இன்னொரு பூதத்தைக் கிளப்பவில்லை. 'விடாது கருப்பு' என்று ஊர், ஆட்கள், சாமி எல்லாவற்றையும் மாற்றிப் புதிதாகத் தொடங்கினார்கள். குதிரை ஏறி வரும் கருப்பு யார் என்பதற்குக் கடைசியில் ஒரு பதிலும் இருந்தது. 2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் மறைந்தபோது, 'சின்ன வயசில் அந்தக் குதிரைச் சத்தம் கேட்டாலே போர்வைக்குள் போய்விடுவேன்' என்ற ரகத்தில்தான் பலரும் அவரை நினைவுகூர்ந்தார்கள்.

அடுத்த வார இறுதிக்கு என்ன பார்க்கலாம் என்று தேடுபவர்களுக்கு: 'விடாது கருப்பு' கவிதாலயாவின் யூடியூப் பக்கத்திலேயே இருக்கிறது. 'நீலகேசி' உரையோடு தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; தருக்கப் பகுதிகள் கொஞ்சம் கடினம், முதல் சருக்கத்தை மட்டும் படித்தாலும் பேய் எப்படி மனசு மாறியது என்று தெரிந்துவிடும்.